இல்லக்கிழத்தியா, விலைமகளா? – ‘ழான் தீல்மான்’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு மறுப்புரை

முன்னுரை

பெல்ஜிய நாட்டுத் திரைப்பட இயக்குநர் ஷான்டல் அகெர்மன் (1950–2015) இருபத்தைந்து அகவை நிரம்புமுன் எடுத்து முடித்த படம் ‘ழான் தீல்மான், 23 கே து கொமெர்ஸ், 1080 பிரசெல்ஸ்’. 1975ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவின்போது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 201 நிமிடம் ஓடும் இப்படத்தில் டெல்பின் செய்ரிக் நாயகியாக நடித்தார். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த். பிரித்தானியாவிலிருந்து வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளர்களிடையே நடத்திவரும் வாக்கெடுப்பில், 2022இல் இப்படம் முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் இயக்கிய படம் அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. அதன்பின் நம் தமிழ்த்துறை ஆய்வரங்குகளிலும் இப்படத்தின் பெயர் அவ்வப்போது காதில் விழுகிறது.

விழும் விதம்தான் கவலைக்குரியதாக உள்ளது. ‘ஒரு விலைமகளின் தனிமை வாழ்வைக் கூறும் இருண்ட கலைப்படம்’ என்னும் ஒற்றைத் தொடரில் அது அடக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வரங்கு ஒன்றில் இப்படம் பற்றிக் கட்டுரை படித்த ஆய்வு மாணவர் ஒருவர் நாயகியைப் ‘பெல்ஜியப் பரத்தை’ என்றே குறிப்பிட்டார். அவையில் ஒருவரும் வியக்கவில்லை. தலைமை வகித்தவர் அத்தொடரைப் பாராட்டவும் செய்தார். அன்று நானும் எழுந்து பேசவில்லை. அந்த மௌனத்திற்கான கழுவாயாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

மாணவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர் நாம் கற்பித்த சொல்லைத்தான் பயன்படுத்தினார். ஒரு பெண்ணை அவள் யாருடன் படுக்கிறாள் என்பதைக் கொண்டு வகைப்படுத்தும் பழக்கம் நம் திறனாய்வுக் கலைச்சொற்களிலேயே ஊறிக் கிடக்கிறது. அப்பழக்கத்தால் இப்படத்தைப் படிக்கவே இயலாது. படிக்க முயன்றால் படம் கூறுவதற்கு நேர்மாறான முடிவே கிட்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

படம் காட்டுவது யாது?

ழான் தீல்மான் கணவனை இழந்தவள், நடுத்தர அகவையினள், பள்ளியில் படிக்கும் சில்வேன் என்னும் மகனுடன் பிரசெல்ஸ் நகரில் ஓர் அடுக்ககத்தில் வாழ்கிறாள். அவளுடைய மூன்று நாள் வாழ்க்கையே படம். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் ஓர் ஆடவர் வருகிறார். பணம் தந்துவிட்டுச் செல்கிறார். அப்பணத்தை அவள் உணவு மேசைமீதுள்ள மூடிபோட்ட பீங்கான் பாத்திரத்தில் இடுகிறாள். வீட்டுச் செலவுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறாள்.

கதைச் சுருக்கம் இவ்வளவே. ஆனால் 201 நிமிடத்தில் பெரும்பகுதி வேறொன்றிற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உருளைக்கிழங்கைத் தோல் சீவுதல், இறைச்சித் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டுதல், பாத்திரம் கழுவுதல், மகனின் காலணிக்கு மெருகிடுதல், படுக்கை விரித்தல், மடித்தல், குளியல் தொட்டியைத் தேய்த்தல், கடைக்குச் செல்லுதல் ஆகியவை உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்குமோ ஏறத்தாழ அவ்வளவு நேரம் திரையிலும் எடுத்துக்கொள்கின்றன. காமிரா அசைவதில்லை. இயக்குநரின் உயரத்திற்கேற்பத் தாழ்வாக, நேர்முகமாக, அது ஓரிடத்தில் நிற்கிறது. முகத்தை நெருங்கிக் காட்டும் அண்மைக் காட்சிகள் இல்லை. பின்னணி இசை இல்லை; வானொலிப் பெட்டி ஒலித்தாலன்றிப் பாட்டும் இல்லை. பாத்திரம் மேசையில் படும் ஒலியும், விளக்கின் விசை ஒலியும், காலணியின் குதிகால் ஒலியுமே நமக்குக் கேட்கின்றன.

வாடிக்கையாளர் வரும் வேளையில் இம்முறை தலைகீழாகிறது. முதல் இரு நாள்களிலும் படுக்கையறைக் கதவு மூடிக்கொள்கிறது. காமிரா நடைவழியிலேயே நின்றுவிடுகிறது. வெளிச்சம் மங்கியிருப்பதைக் கொண்டே நேரம் கழிந்ததை நாம் உணர்கிறோம். மற்றப் படங்கள் விரித்துக் காட்டுவதை அகெர்மன் ஒரு வெட்டில் கடந்துவிடுகிறார். அவை வெட்டி எறிவதை விரித்துக் காட்டுகிறார். இந்த நேரப் பங்கீடுதான் இப்படத்தின் வாதம். ‘விலைமகளின் வாழ்க்கை’ என்று சுருக்கம் எழுதும் திறனாய்வாளர், இயக்குநர் ஒரு வெட்டில் கடந்ததைப் படத்தின் பொருளாகவும், மணிக்கணக்கில் காட்டியதைப் பின்னணியாகவும் கொள்கிறார். பனுவலை இவ்வாறு படிப்போரை நாம் தேர்வில் தேறவிடுவோமா?

மேலும், இரு பணிகளும் ஒரே கால ஒழுங்கில் பிணைக்கப்பட்டுள்ளன. படத்தின் முதற்காட்சியே சமையலறையில்தான் தொடங்குகிறது. அவள் அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கை ஏற்றுகிறாள். அழைப்பு மணி ஒலிக்கிறது. வந்தவரின் தொப்பியையும் மேலங்கியையும் வாங்கி வைக்கிறாள். அவர் சென்றபின் கிழங்கு வெந்திருக்கிறது. கட்டில்மீது விரித்த துண்டை எடுத்து, சன்னலைத் திறந்து காற்றோட்டம் தந்து, குளித்து, தொட்டியைக் கழுவி, மகன் வருமுன் மேசையில் விரிப்பு இடுகிறாள். ஓர் இல்லத்தலைவியின் பணிப்பட்டியலில் வாடிக்கையாளரும் ஒரு வரி. அதற்குமேல் அவருக்கு இடமில்லை.

தனிமை எங்கிருந்து வருகிறது?

ழான் தனிமையில் வாழ்கிறாள் என்பதில் ஐயமில்லை. அத்தனிமை அவளுடைய பிற்பகல் தொழிலின் விளைவு என்று கொள்வதுதான் பிழை. தொழில் இழுக்குடையது, இழுக்கினால் சமூக விலக்கு, விலக்கினால் தனிமை என்னும் காரண காரியத் தொடரைப் பார்வையாளர்தாம் தம் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். படத்தில் அதற்குச் சான்று இல்லை. அவளை யாரும் ஏசவில்லை. கடைக்காரர்கள் மதிப்புடனேயே நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை நம்பி ஒப்படைத்துச் செல்கிறாள்.

அப்பெண்ணின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. குரல் மட்டும் வாசற்படியில் கேட்கிறது. அக்குரல் இயக்குநர் அகெர்மனுடையதே. கறிக்கடையில் என்ன வாங்குவது என்று தெரியாமல், தனக்கு முன்னால் நின்றவள் வாங்கியதையே தானும் வாங்கிவந்ததாக அவள் நீளப் பேசுகிறாள். அவள் மணமானவள், நம் சொல்லில் கூறினால் இல்லக்கிழத்தி. அவளுடைய தனிமை ழானுடைய தனிமையினும் குறைந்ததாகத் தோன்றவில்லை. கனடாவிலிருந்து மடல் எழுதும் சகோதரி பெர்னாந்தும் குடும்பத்துடன் வாழ்பவளே. அம்மடலை ழான் ஏற்ற இறக்கமின்றி உரக்கப் படிக்கிறாள். ஆக, இப்படத்தில் தனிமை என்பது விலைமகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனையன்று; வீட்டுக்குள் வேலை செய்யும் பெண்கள் அனைவருக்கும் பொதுவான நிலை.

முதல் நாள் இரவில் நிகழும் ஓர் உரையாடல் இங்கு நோக்கத்தக்கது. தந்தையைச் சந்தித்தது எவ்வாறு என்று மகன் கேட்கிறான். போர் முடிவுக்கு வந்த காலத்தையும் தன் அத்தைமாரின் யோசனைகளையும் திருமணம் நிகழ்ந்த விதத்தையும் அவள் ஏதோ கணக்கு ஒப்பிப்பதுபோலக் கூறுகிறாள். கணவனுடன் கூடுவதைக்கூட ஒரு சிறு செய்தியாகவே அவள் கருதுகிறாள். தான் பெண்ணாய்ப் பிறந்திருந்தால் ஆழ்ந்த காதல் இல்லாத ஒருவனோடு கூட இயலாது என்று மகன் சொல்ல, அது உனக்கு எப்படித் தெரியும், நீ பெண் அல்லவே என்கிறாள் தாய். அவளைப் பொறுத்தவரை மணவாழ்வின் படுக்கைக்கும் பிற்பகலின் படுக்கைக்கும் இடையே நாம் கற்பிக்கும் பெரும் பள்ளம் இல்லை. பள்ளம் மகனுக்கு இருக்கிறது. நமக்கும் இருக்கிறது.

பரத்தை என்னும் சொல்லின் எல்லை

பரத்தை என்னும் சொல் நம் இலக்கண மரபில் ஆடவனின் பிரிவை விளக்க வந்தது. பரத்தையிற் பிரிவு என்பது தலைவனின் செயல். மருதத்தின் உரிப்பொருளாகிய ஊடல் தலைவியின் எதிர்வினை. காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை என்று உரையாசிரியர்களும் கூற்றுக் குறிப்பு வகுத்தோரும் செய்த பாகுபாடும் தலைவனுக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பின் அளவைக் கொண்டதே. திருக்குறள் ‘வரைவின் மகளிர்’ அதிகாரத்தைப் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் முன்னால் வைக்கிறது. ஆடவன் தன் செல்வத்தையும் அறிவையும் இழக்கும் வழிகளுள் அவள் ஒன்று. விலைமகள், பொதுமகள் என்னும் சொற்களும் விலை கொடுப்பவன் நின்ற இடத்திலிருந்து பிறந்தவை. இச்சொற்களுள் ஒன்றேனும் அவளுடைய ஒரு நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

மரபு முழுவதும் அவளை ஊமையாக்கியது என்று கூறுவதும் நேர்மையாகாது. குறுந்தொகையின் எட்டாம் பாடல் காதற்பரத்தை கூற்றாக அமைந்தது. ஆலங்குடி வங்கனார் பாடியது. எம்மிடத்தே பெருமொழி பேசும் தலைவன், தன் இல்லத்தில் மனைவியின் விருப்பப்படி ஆடுகிறான் என்று அவள் எள்ளுகிறாள். கூர்மையான பேச்சு. ஆனால் அக்கூர்மை முழுவதும் தலைவனைப் பற்றியது. அவள் என்ன சமைத்தாள், யாருக்குச் சமைத்தாள், மாலையில் விளக்கேற்றியபின் எங்கே அமர்ந்தாள் என்பவற்றைக் கூற அப்பாடலுக்குத் தேவை ஏற்படவில்லை. இது சங்கப் புலவரின் குறையன்று. அகத்திணை மரபின் நோக்கம் வேறு. அந்நோக்கத்திற்கு வகுத்த சொல்லை எடுத்து இருபதாம் நூற்றாண்டுப் பிரசெல்ஸ் நகரப் பெண்ணுக்கு ஒட்டுவதே குறை.

ஒட்டினால் என்ன நேர்கிறது? ழானுடைய வீட்டில் பிரிந்து செல்லும் தலைவன் இல்லை. ஊடும் தலைவி இல்லை. வாயில் வேண்டுவோரும் வாயில் மறுப்போரும் இல்லை. இல்லக்கிழத்தியும் பரத்தையும் ஒரே பெண், ஒரே சமையலறை, ஒரே கட்டில். நம் பாகுபாடு செயற்பட இரு பெண்களும் இரு மனைகளும் வேண்டும். அகெர்மன் இரண்டையும் ஒரு முகவரிக்குள் வைத்துவிட்டார். அந்த முகவரியைத்தான் படத்தின் தலைப்பில் வீட்டு எண்ணும் தெருவும் அஞ்சல் எண்ணுமாக எழுதியும் காட்டினார். ‘பெல்ஜியப் பரத்தை’ என்ற மாணவர் பாதிப் பெண்ணைத்தான் கண்டார். ‘பாவம், நல்ல தாய்’ என்று இரங்கியவர் மற்றப் பாதியைக் கண்டார்.

இரக்கம் என்னும் தப்புவழி

பரத்தை என்று சொல்லத் தயங்குவோர் இரக்கத்தை நாடுகின்றனர். இது மேலும் நுட்பமான பிழை. விலைமகளைப் பற்றிய புகழ்பெற்ற படங்கள் பலவும் முகத்தை நம்பி நிற்பவை. பெல்லினியின் ‘கபீரியாவின் இரவுகள்’ (1957) நாயகியின் கண்ணீரோடு கூடிய புன்னகையில் முடிகிறது. கொதாரின் ‘அவள் வாழ்வை வாழ்தல்’ (1962) படத்தில் நானா திரையரங்கில் அமர்ந்து டிரையரின் ஜோன் படத்தைக் கண்டு அழுகிறாள். அவள் முகம் திரையை நிறைக்கிறது. இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறாள். இவை பெரும் படைப்புகள் என்பதில் மறுப்பில்லை. ஆயினும் அவை பார்வையாளருக்கு ஒரு வசதியை அளிக்கின்றன: அழுது, இரங்கி, எழுந்து வீட்டுக்குச் செல்லலாம்.

தமிழிலும் இவ்வசதியை நாம் தேடுகிறோம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) கதையில் அம்மாளு கணவனுக்குப் பால்கஞ்சி காய்ச்சுவதற்காகத் தன்னை விற்கிறாள். கற்பு பற்றிய பெருமிதப் பேச்சை நோக்கி எறியப்பட்ட சாட்டை அக்கதை. நம் வகுப்பறைகளில் அது ‘வறுமையின் கொடுமை’ என்னும் தலைப்புக்குள் அடங்கிவிட்டது. கணவனுக்காக என்னும் காரணம் கிடைத்தவுடன் அம்மாளுவை மன்னித்துக் கற்புடையோர் பட்டியலின் ஓரத்தில் நாம் சேர்த்துக்கொண்டோம். கதை எதைத் தாக்கியதோ அதையே கதையைக் கொண்டு காப்பாற்றினோம். ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’ (1963) இத்தகைய மன்னிப்பைக் கோராத படைப்பு. அதனாலேயே அது பாடத்திட்டங்களுக்கு எளிதில் பொருந்தாதது.

ழானுக்கு நாம் இரங்குவதற்குரிய பிடியை அகெர்மன் எங்கும் தரவில்லை. அவள் அழுவதில்லை. தான் இத்தொழிலுக்கு வந்த கதையைக் கூறுவதில்லை. வறுமை, வஞ்சகம், பெருங்குடி வீழ்ச்சி என்று காரணம் எதுவும் சுட்டப்படவில்லை. கணவன் இறந்தபின் வீட்டை நடத்துகிறாள், அவ்வளவே. தம் தாய் நத்தாலியாவை மனத்தில் கொண்டு, அத்தகைய பெண்களின் அன்றாடச் செயல்களுக்குத் திரையில் உரிய இடம் தரவே இப்படத்தை எடுத்ததாக அகெர்மன் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். நத்தாலியா அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்டவர். அன்றாட ஒழுங்கு என்பது இப்படத்தில் ஏன் உயிர்ப்பிடியாக உள்ளது என்பதை இச்செய்தியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

வெந்துபோன கிழங்கும் கத்தரிக்கோலும்

இரண்டாம் நாள் பிற்பகலில் ஏதோ ஒன்று பிசகுகிறது. படுக்கையறைக்குள் என்ன நடந்தது என்று நாம் அறியோம். அவள் வெளிவரும்போது தலைமுடி கலைந்திருக்கிறது. பணத்தை இட்ட பீங்கான் பாத்திரத்தை மூட மறக்கிறாள். கிழங்கு அளவுக்குமேல் வெந்துவிடுகிறது. அப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். அறைதோறும் வெளியேறுகையில் தவறாது விளக்கணைத்தவள் அணைக்க மறக்கிறாள். மூன்றாம் நாள் கைகள் தவறுகின்றன; பொருள்கள் விழுகின்றன. காப்பி சுவைக்கவில்லை, கொட்டிவிட்டு மீண்டும் தயாரிக்கிறாள். மகனின் மேலங்கிக்கு ஏற்ற பொத்தானைத் தேடிக் கடை கடையாக அலைகிறாள், கிடைக்கவில்லை. காப்பிக்கடையில் அவள் வழக்கமாக அமரும் இருக்கையில் வேறொருத்தி அமர்ந்திருக்கிறாள். தூக்கியதும் குழந்தை வீறிடுகிறது.

இரண்டு மணிநேரம் அவளுடைய ஒழுங்கைக் கண்டு பழகிய பார்வையாளருக்கு மூடப்படாத ஒரு பாத்திரம் அச்சத்தைத் தருகிறது. பொறுமையின்றிப் பாதியில் எழுந்தவருக்கு இவ்வச்சம் கிட்டாது. படத்தின் நீளத்திற்கான நியாயம் இதுவே.

மூன்றாம் நாள் காமிரா முதன்முறையாகப் படுக்கையறைக்குள் நுழைகிறது. அவளுடைய உடல் அவளையும் மீறி எதிர்வினை ஆற்றுகிறது. அது இன்பமா அருவருப்பா என்று திட்டமாகக் கூற இயலாது. பின்னர் அவள் ஆடை திருத்துகிறாள். பார்சலைப் பிரிக்கக் கொண்டுவந்து அங்கேயே விட்ட கத்தரிக்கோலை எடுத்துப் படுத்திருந்த ஆடவரைக் குத்திக் கொல்கிறாள். அதன்பின் இருட்டில், கையிலும் சட்டையிலும் குருதியோடு, உணவு மேசையருகே அமர்ந்திருக்கிறாள். வெளியிலுள்ள விளம்பர விளக்கின் நீல ஒளி அறைக்குள் மின்னிக்கொண்டே இருக்கிறது. பல நிமிடம் நீளும் அக்காட்சியோடு படம் முடிகிறது.

ஒப்பிலக்கியம் பயின்ற நமக்கு உடனே கண்ணகி நினைவுக்கு வருகிறாள். ‘ழானின் அறச்சீற்றம்’ என்று கட்டுரைத் தலைப்பும் உருவாகிவிடும். இந்த வேகத்தைத் தடுத்தாக வேண்டும். கண்ணகிக்கு வழக்கு இருந்தது, அவை இருந்தது, சான்றாகச் சிலம்பு இருந்தது, தவற்றை உணர்ந்து உயிர்விட்ட மன்னன் இருந்தான். ழானுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கொல்லப்பட்டவர் அவளுக்குத் தனியொரு தீங்கு இழைத்ததாகப் படம் கூறவில்லை. இக்கொலையால் நீதி நிலைபெறவில்லை, விடுதலையும் பிறக்கவில்லை. அவள் எழுந்து வெளியேறவில்லை. தான் நாள்தோறும் துடைத்த அதே மேசையருகேதான் அமர்ந்திருக்கிறாள். கொலையைப் புரட்சியாக்கும் வாசிப்பும், அதைப் பாவத்தின் சம்பளமாக்கும் வாசிப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன: அவை கிழங்கு வெந்துபோன நேரத்தை மறந்துவிடுகின்றன. அவள் தாங்கிநின்ற ஒழுங்கு இரண்டாம் நாளே உடைந்துவிட்டது. கத்தரிக்கோல் அதன் இறுதிச் சில்லு மட்டுமே.

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும்.

முதலாவது, இது ஐரோப்பிய நடுத்தர வர்க்கப் பெண்ணின் கதை. தனக்கென வீடும் கதவும் தாழ்ப்பாளும் உடையவளின் கதை. கடத்தப்பட்டும் கடனில் சிக்கியும் விற்கப்பட்டும் இத்தொழிலில் அடைக்கப்படும் இந்தியப் பெண்களின் நிலைக்கு இதைப் பொதுமைப்படுத்துவது கொடுமையை மூடிமறைப்பதாகும் என்பது. இவ்வாதத்தின் முற்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ழானை எல்லாப் பெண்களுக்கும் பதிலியாக்கக் கூடாது. ஆனால் பரத்தை என்னும் சொல் அப்பெண்களின் கொடுமையையும் காட்டாது என்பதை மறக்கலாகாது. நான் வாழும் தில்லியில் சுவாமி சிரத்தானந்த் மார்க் என்று 1966இல் பெயர் மாற்றப்பட்ட ஜி. பி. சாலையில், கீழ்த்தளம் எங்கும் இரும்புச் சாமான் கடைகள், மேல்தளங்களில் பெண்கள். அவ்விடங்களும் எண்களாலேயே அறியப்படுகின்றன. அத்தெருவின் பெயரை நகைப்புக்குறிப்பாக வழங்கும் படித்தவர்கள் பலர். மேலே அடுப்பு எரிகிறதா என்று கேட்டவர் சிலர். சட்டம்கூட நம்மினும் முன்னே சென்றுவிட்டது. கொல்கத்தாவில் 1999இல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து வளர்ந்த புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இப்பெண்களுக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்படி கண்ணியமான வாழ்வுக்கு உரிமை உண்டு என்று உறுதிசெய்தது. தாய் இத்தொழிலில் உள்ளார் என்பதை மட்டும் காரணமாக்கிக் குழந்தையை அவரிடமிருந்து பிரிக்கலாகாது என்றும் அவ்வாணை கூறுகிறது. இல்லாளும் விலைமகளும் ஒருவராக இருக்கக்கூடும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தமிழ்த்துறை ஏற்கத் தயங்குகிறது.

இரண்டாவது, ‘பாலியல் தொழிலாளி’ என்னும் புதுச்சொல் இருக்கையில் இச்சிக்கல் ஏன் என்பது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான தொடரை அமெரிக்கச் செயற்பாட்டாளர் கேரல் லீ 1970களின் இறுதியில் உருவாக்கினார். அச்சொல் தமிழுக்கு வந்தது நன்மையே. ஒழுக்கத் தீர்ப்பை நீக்கித் தொழிலைப் பெயரிடுகிறது. இருப்பினும், பழைய சொல் இருந்த இடத்தில் புதிய சொல்லை வைத்துவிட்டுப் பழைய வாசிப்பையே தொடர்ந்தால் பயன் என்ன? ழானின் உழைப்பில் பிற்பகல் பணி ஒரு சிறுபகுதி. மற்றவற்றுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. இப்படம் வெளிவந்த 1975ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் இரு குரல்கள் எழுந்தன. வீட்டுவேலைக்குக் கூலி கோரிய பெண்ணிய இயக்கத்தின் கருத்துகளை சில்வியா பெதரிச்சி அவ்வாண்டில் ஒரு சிறு நூலாக எழுதினார். அதே ஆண்டு ஜூன் 2 அன்று பிரான்சின் லியோன் நகரில், காவல்துறைக் கொடுமையை எதிர்த்துப் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் புனித நிசியே தேவாலயத்துக்குள் புகுந்து தங்கிப் போராடினர். ஒன்று இல்லாளின் குரல். மற்றொன்று விலைமகளின் குரல். இவ்விரண்டையும் ஒரே சமையலறையில் வைத்துக் காட்டியதே அகெர்மனின் சாதனை.

மூன்றாவது வாதம் மிக எளியது: படம் அலுப்பூட்டுகிறது, மூன்றரை மணிநேரம் ஒருத்தி கிழங்கு சீவுவதை யார் பார்ப்பார் என்பது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். படத்தின் நீளம் 201 நிமிடம். 289இலிருந்து 88ஐக் கழித்தால் வருவதும் 201தான். இது தற்செயலான ஒற்றுமை. இதிலிருந்து கோட்பாடு எதையும் நான் வருவிக்கவில்லை. ஆனால் வீட்டிலுள்ள பெண் நாள்தோறும் செய்வதை வாழ்வில் ஒருமுறை அமர்ந்து பார்க்கவும் இயலாது என்போர், அலுப்பைப் பற்றிப் பேசும்முன் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

முதல், கரு, உரி

இவ்வாறெல்லாம் மறுத்தபின், எப்படிப் படிப்பது என்று கேட்பது நியாயம். அதற்கு மேலைக் கோட்பாடுகளை மட்டுமே நாடவேண்டியதில்லை. நம் பொருளிலக்கணம் முதல், கரு, உரி என மூன்று வைத்தது. நாமோ திரைப்படத்தையும் புனைகதையையும் அணுகுகையில் உரிப்பொருளுக்கு நேரே தாவிவிடுகிறோம். பிரிவா, ஊடலா, இரங்கலா என்று முடிவு செய்தபின் எஞ்சியதைப் பின்னணி என்று ஒதுக்குகிறோம்.

அகெர்மன் உரிப்பொருளை நமக்குத் தர மறுக்கிறார். அவள் என்ன உணர்கிறாள் என்பது மூடியே இருக்கிறது. அவர் தருபவை நிலமும் பொழுதும்: ஒரு முகவரி, மூன்று நாள். முதலிரு நாள்களின் முடிவும் எழுத்தால் அறிவிக்கப்படுகிறது. அடுத்து அவர் தருபவை கருப்பொருள்கள். தொல்காப்பியம் கருப்பொருளுள் உணவையும் தொழிலையும் எண்ணியிருப்பதை நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். ஆனால் ஆய்வில் அவற்றை அட்டவணைக்குமேல் வளர்ப்பதில்லை. கிழங்கு, காப்பி, பொத்தான், விளக்கு விசை, பீங்கான் பாத்திரம் ஆகியவற்றின் நிலைமாற்றத்தைப் பின்தொடர்ந்தால் மட்டுமே இப்படத்தின் உணர்வை எட்ட முடியும். பீங்கான் பாத்திரத்தின் மூடி திறந்திருப்பதை அவளுடைய ஒப்பாரியாகக் கேட்கத் தெரிந்தவரே இப்படத்தைக் கண்டவர்.

இதனை ‘ழான் தீல்மானில் திணைக் கோட்பாடு’ என்னும் மற்றோர் இயந்திரத்தனமான தலைப்பாக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். திணையை அங்கே பொருத்திக் காட்டுவது நோக்கமன்று. பெண்ணை அவள் செய்யும் செயலால் அறியும் ஒரு வழி நம் மரபுக்குள்ளேயே இருந்தும், அவள் கூடும் ஆடவனால் அறியும் வழியையே நாம் தேர்ந்தோம் என்பதை நினைவூட்டுவதே நோக்கம்.

முடிவுரை

‘இன்னார் படைப்புகளில் பரத்தையர்’, ‘இக்கால நாவல்களில் விலைமகளிர் சித்திரிப்பு’ போன்ற தலைப்புகளை ஆய்வு மாணவர்களுக்கு நாம் தொடர்ந்து வழங்கிவருகிறோம். இனி அத்தகைய தலைப்பில் கையொப்பமிடுமுன் நெறியாளர்கள் மாணவரிடம் ஒரு வினாவையேனும் எழுப்ப வேண்டும்: அப்பெண் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன செய்கிறாள் என்று படைப்பு கூறுகிறதா? கூறினால், அதை எத்தனை பக்கத்தில் ஆராயப் போகிறாய்? கூறவில்லையெனில், அம்மௌனத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறாய்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் ஆய்வில் ‘பரத்தை’ என்னும் சொல் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அது சங்க இலக்கியத்தின் கலைச்சொல்லாக அங்கே மதிப்புடன் வாழட்டும்.

அன்றைய ஆய்வரங்கில் நான் எழுந்து கூறியிருக்க வேண்டியது இதுதான். பிரசெல்ஸில் அப்பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டு எண்ணும் தெருவும் அஞ்சல் எண்ணும் உண்டு. அவற்றையெல்லாம் இயக்குநர் தலைப்பிலேயே எழுதித் தந்த பின்னரும், நாம் அவளை வேறொரு சொல்லால் அழைத்தோம்.